பனி தாங்கும் செடி

காட்டெருமை முதல் செடியை முடித்துவிட்டு இரண்டாவதில் வாய் வைத்திருந்தது. சுகிர்தம் அடுப்படி ஜன்னலோரம் நின்றாள். ஒரு கையில் எவர்சில்வர் தாம்பாளம், இன்னொரு கையில் குழம்புக் கரண்டி. தட்ட வேண்டியதுதான். கேத்திப் பக்கத்து மலையில் எல்லா வீட்டிலும் அதைத்தான் செய்வார்கள். எதையாவது டமடமவென்று தட்டிக் கூச்சல் போட்டால் அது தலையைத் தூக்கிப் பார்த்து, கொஞ்சம் யோசித்து, நமக்காக விட்டுக்கொடுப்பதுபோல மெதுவாக வேலி தாண்டித் தேயிலைக்குள் இறங்கிப் போய்விடும். இதோ தட்டப்போகிறேன் என்றுதான் தாம்பாளத்தை எடுத்தாள். எடுத்து எவ்வளவு நேரமாயிற்றோ, பால் பொங்கி அடுப்பில் வழிந்து தீய்ந்த வாசனை வந்துவிட்டது, எட்டி அடுப்பை அணைத்துவிட்டு மறுபடி ஜன்னலுக்கே வந்துவிட்டாள். என்ன ஒரு உடம்பு. கறுப்பா, வறுத்த காப்பிக்கொட்டை நிறமா என்று சொல்லமுடியாத பளபளப்பு, முதுகில் திமிராக ஒரு மேடு, முழங்காலுக்குக் கீழே மட்டும் வெள்ளை, பள்ளிக்கூடத்துப் பிள்ளை காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டதுபோல. அவசரமே இல்லை அதற்கு. நாக்கை நீட்டி ஒரு கிளையைச் சுற்றிப் பிடித்து, இழுத்து, நறநறவென்று மென்று, பிறகு அடுத்த கிளை. சிவப்பும் ஊதாவுமாகத் தொங்கும் பூக்கள் அதன் வாயோரத்தில் கொஞ்சநேரம் ஆடிவிட்டு உள்ளே போயின. ஜிமிக்கிப் பூ என்பார்கள் இங்கே, நர்சரியில் ஃபியூஷியா என்பார்கள், அதற்கு இரண்டும் ஒன்றுதான், தழை. விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தாளே. நேற்று ராத்திரி இந்த வருஷத்தின் முதல் உறைபனி, புல்லெல்லாம் உப்புத் தூவினதுபோல வெள்ளை, மேல்வீட்டுப் பெள்ளியின் உருளைக்கிழங்குச் செடிகள் கருகித் தலை தொங்கிவிட்டன, இவை மட்டும் இலை நுனிகூட வாடாமல், ஒவ்வொரு பூவின் அடியிலும் ஒரு சொட்டு நீரோடு நின்றிருந்தன. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு உள்ளே வந்து பால் வைத்தாள். பனி விட்டுவைத்ததை இது தின்கிறது. அப்புறம் எதற்கு இத்தனை பாடு? தட்டு, சுகிர்தம். தட்டேன்.

உள்ளறையில் அவள் கணவர் நவமணி இருமினார். அந்த இருமலின் எல்லா வகையும் அவளுக்குத் தெரியும், சும்மா தொண்டையைச் செருமுவது, படுக்கையில் புரளும்போது வருவது, அப்புறம் இது, அடியிலிருந்து கிளம்பி வழியில் எங்கோ சிக்கிக்கொண்டு மேலே வரமாட்டேன் என்பது. இது வரும்போது அவளுக்கும் மூச்சு நின்றுவிடும். அவர் மூச்சை எடுக்கிறவரைக்கும் இவளும் எடுக்கமாட்டாள், எடுத்தால் அவருக்குக் குறைந்துவிடும் என்பதுபோல. தேயிலை ஃபாக்டரியில் டீ மேக்கராக இருந்த மனிதர். தூளைக் கையில் அள்ளி மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் ஒரு இழுப்பு இழுத்தாலே இது எந்தச் சரிவின் கொழுந்து, இலையை வாட்டினது கூடிற்றா குறைந்ததா என்று சொல்லிவிடுவார். அப்படி இழுத்து இழுத்துத்தானோ என்னவோ. டாக்டர் அதெல்லாம் பேசவில்லை. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, இவளிடம் மட்டும், 'பனிக்காலத்துக்கு முன்னாடி கீழ எறக்கிடுங்கம்மா' என்றார். எறக்கிடுங்க. மூட்டையா அவர்? லாரியிலிருந்து இறக்குகிற கோஸ் மூட்டையா? அந்த வார்த்தையில் அவளுக்குக் கோபம் வந்தது, கோபத்தில் மீதி என்ன சொன்னார் என்பது காதில் ஏறவில்லை, வெளியே வந்து பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் கோபப்பட வேண்டியது அந்த வார்த்தைமேல் இல்லை என்பது உறைத்தது. இந்தக் குளிரில் இன்னொரு ஜனவரி தாங்காது என்று அந்த மனிதர் சொல்லியிருக்கிறார், இவள் மூட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவளுக்கு எப்போதும் இப்படித்தான். பெரியது வரும்போது பக்கத்தில் கிடக்கிற சின்னதைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுவாள். இப்போதும் அதுதானா? அங்கே ஒருத்தர் மூச்சுக்கு அல்லாடுகிறார், இங்கே இவள் நாலு செடிக்கு நெஞ்சடைத்து நிற்கிறாள்.

நாலு இல்லை, ஐந்து. வேலியோரம் வரிசையாக. இரண்டாவது முடிந்தது. இப்போது மூன்றாவதின் உச்சியை முகர்ந்து பார்க்கிறது, மூக்கைச் சுருக்கிக்கொள்கிறது, பிடிக்கவில்லை போலிருக்கிறது, போய்விடு, போய்விடேன், இல்லை, வாய் வைத்துவிட்டது. இந்த மூன்றாவதுக்குத்தான் போன மழையில் இலையெல்லாம் சுருண்டு கொப்புளம் போலக் கட்டி வந்து, கண்ணுக்குத் தெரியாத ஏதோ பூச்சி என்றார்கள், நுனி நுனியாகக் கிள்ளிப் பையில் போட்டு எரித்து, மறுபடி துளிர்க்கவைத்தாள். மகள் பெர்சிஸ் காலேஜுக்குக் கோயம்புத்தூர் போனதற்கு மறுவருஷம் ஆரம்பித்தது இந்தப் பைத்தியம். முதலில் பூக்கண்காட்சியில் பார்த்துவிட்டுத் தொட்டிச்செடி வாங்கிவந்தாள், பெரிய பூ, பாவாடை விரித்ததுபோல அடுக்கடுக்காக, முதல் பனியிலேயே வெந்து கூழாகிவிட்டது. அடுத்த வருஷமும் வாங்கினாள், அதுவும். 'காசைக் கொண்டுபோய் மண்ணுல போடுறியே' என்று நவமணி சிரித்தார். அப்புறம்தான் தெரிந்தது இதிலேயே பனி தாங்குகிற ஜாதி தனியாக இருக்கிறதென்று, பூ சின்னது, விரல்நுனி அளவு, பகட்டு இல்லை, ஆனால் தரையில் வைக்கலாம். ஆழமாகக் குழி தோண்டித் தண்டின் அடிமுடிச்சு மண்ணுக்குள் போகும்படி புதைத்து வைக்கவேண்டும். அந்த முதல் குளிர்காலத்தில் அதுவும் மேலே எல்லாம் செத்துவிட்டது. வெறும் குச்சி. 'புடுங்கிப் போட்டுட்டு அந்த எடத்துல காரட்டாவது போடலாம்ல' என்றார் அவர். பிடுங்கவில்லை. நம்பிக்கையில் இல்லை, அவர் சொன்னாரே என்ற வீம்பில். வெயில் ஏறின பிறகு ஒருநாள் துணி காயப்போடப் போனவள் குனிந்து பார்த்தால், மண்ணைப் பிளந்துகொண்டு செக்கச்செவேலென்று முளைகள், கோழிக்குஞ்சின் வாய்போல. ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். சாத்தான்குளத்துத் தேரிமண்ணில் பிறந்தவள், செருப்பில்லாமல் நடந்தால் கால் பொரிந்துவிடும் ஊர், அவளுக்கு இந்த மலையில் என்ன இருந்தது? அவருடைய வேலை, அவருடைய அண்ணன் தம்பிகள், அவருடைய சர்ச், அவருடைய மகள்கூட அவர் ஜாடை. இது மட்டும்தான் இவள் வைத்து இவளுக்காக முளைத்தது. இதை யாரிடம் சொல்ல? செடிதானே என்பார்கள். செடிதான். மூன்றாவதும் பாதி போய்விட்டது.

தட்டவில்லையே ஏன், கை மரத்துவிட்டதா? தாம்பாளத்தின் விளிம்பு சில்லென்று உள்ளங்கையை அறுத்தது. பெர்சிஸ் கோயம்புத்தூரிலிருந்து தினம் போன் செய்கிறாள். 'என்னம்மா முடிவு பண்ணீங்க? கீழ் ரூம காலி பண்ணிப் பெயிண்ட்கூட அடிச்சாச்சு, இன்னும் என்ன யோசனை?' நவமணி போனை வாங்கி, 'வரலாம்மா, வரலாம், உங்கம்மா செடிய யாரு பாத்துப்பா?' என்று சிரிப்பார். ஒவ்வொரு தடவையும் அதே பதில். போன் இவள் கைக்கு வந்ததும் மகள், 'என்னம்மா இது, செடி செடின்னுக்கிட்டு. அப்பா உடம்பு உங்களுக்குப் பெரிசா தெரியலையா?' என்பாள். அந்தக் கேள்வி அவளைக் குத்திய குத்து பெர்சிஸுக்குத் தெரியாது, அவள் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். நானா சொன்னேன் வரமாட்டேன் என்று? ஒரு நாளாவது சொன்னேனா? ஏன் இவர் என் தலையில் போடுகிறார்? அவருக்கே போக மனமில்லை, பிறந்து வளர்ந்த மலை, அதைச் சொல்ல வெட்கம், அதனால் என் செடிக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார். அப்படி நினைக்கும்போது ஆத்திரம் வந்தது, ஆத்திரம் நன்றாகத்தான் இருந்தது, அதில் சாய்ந்து நிற்கலாம். ஆனால் கொஞ்ச நேரத்திலேயே அது கழன்றுவிடும். ஒருவேளை நிஜமாகவே எனக்காகத்தான் இருக்கிறாரோ? வாழ்நாளில் இவளுக்கென்று எதையும் யோசித்துச் செய்திராத மனிதர், கடைசியில் ஒன்று செய்யலாம் என்று, இதைப் பிடித்துக்கொண்டாரோ? அப்படியானால் அது இன்னும் கொடுமை. செடிக்காக ஒருத்தர் மூச்சு நின்று போனார் என்றால் அப்புறம் அந்தச் செடியை எந்த முகத்தோடு பார்ப்பது. போன மாதம்கூடச் சொன்னாளே, 'செடி கெடக்கட்டும்ங்க, போயிருவோம்' என்று. சொன்னாள்தான். அவர் இவள் கையைப் பார்த்தார். கை முழுக்க மட்கின சருகு. குளிருக்கு முன்னால் வேரை மூடவேண்டும் என்று அள்ளிப்போட்டுவிட்டு அப்படியே வந்து நின்றுதான் அதைச் சொல்லியிருக்கிறாள். அந்தக் கையைப் பார்த்தால் யார்தான் நம்புவார்கள்? கழுவிவிட்டு வந்து சொல்லியிருக்கக்கூடாதா? ஏன் கழுவவில்லை? அந்த ஏனுக்குப் பக்கத்தில் போக அவளுக்குப் பயமாக இருந்தது. போனால் அங்கே ஏதோ உட்கார்ந்திருக்கிறது. அவர் வேண்டாம் என்று சொல்லட்டும் என்பதற்காகவே கழுவாமல் வந்தாளா?

"அக்கா! வெளிய வந்துராதீங்க!" மேல்வீட்டு வாசலிலிருந்து பெள்ளி கத்தினான். "ஒத்த மாடு அது! கூட்டத்த விட்டுப் பிரிஞ்சது! ஃபாரஸ்ட்டுக்குப் போன் பண்ணிருக்கேன்! உள்ளேயிருந்து தட்டுங்க, தட்டினா போயிரும்!" அவன் குரலுக்கு அது ஒரு காதை மட்டும் திருப்பியது. சரி என்பதுபோலக் கரண்டியை அவனுக்குத் தூக்கிக் காட்டினாள். அவன் மறுபடி, "தட்டுங்கக்கா!" என்றான். தாம்பாளத்தை உயர்த்தினாள். கரண்டி அதைத் தொடவில்லை. அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. இவ்வளவு நேரம் கை மரத்துப்போய் நிற்கவில்லை. தின்னட்டும் என்று நிற்கிறாள். ஒன்று விடாமல் தின்னட்டும், வேலியோரம் வெறும் மண்ணாகட்டும், நாளைக்கு பெர்சிஸ் போன் செய்யும்போது அவர் என்ன சொல்வார் பார்ப்போம், யாரைக் காட்டுவார் பார்ப்போம். இவள் கொடுக்க முடியாததை அது கொண்டுபோகட்டும்.  அதோ நாலாவது. நாலாவதைத் தொடாதே, அது வேண்டாம், அதில்தான் இந்த வருஷம் முதல்முதலாக வெள்ளை விளிம்போடு ஒரு பூ வந்தது. சரி, தொடு. தின்னு. எல்லாவற்றையும் தின்றுவிட்டுப் போ. சத்தியமாகத்தான் சொல்கிறேனா? கை இப்போதும் கழுவவில்லை போல் இருந்தது அவளுக்கு. ஜன்னல் கண்ணாடியில் தன் மூச்சு படிந்து படிந்து வெள்ளையாகிவிட்டது, துடைக்கவும் இரண்டு கையும் சும்மா இல்லை. அந்த வெள்ளைக்குள் கறுப்பாகப் பெரிதாக ஏதோ அசைந்தது, கிளை முறியும் சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது, பாக்கு வெட்டுவதுபோல. நறுக். நறுக். அந்த ஒவ்வொன்றுக்கும் அவள் பல்லைக் கடித்தாள். இது என்ன பிழைப்பு, தன் கையாலேயே வளர்த்துவிட்டு, அழியட்டும் என்று நின்று, அழியும்போது பல்லைக் கடித்துக்கொண்டு. ஒரு மனதாகக் கோபப்படக்கூட முடியவில்லை.

வாசல் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. முதலில் அது என்ன சத்தம் என்றே பிடிபடவில்லை, கிளைச் சத்தத்தோடு சேர்ந்து கேட்டது. அப்புறம் கண்ணாடியை முழங்கையால் துடைத்துப் பார்த்தால், நவமணி. ஸ்வெட்டருக்குப் பொத்தான் போடவில்லை. மஃப்ளர் இல்லை. காலில் வீட்டுக்குள் போடுகிற ரப்பர் செருப்பு. கையில் குடையை எடுத்துக்கொண்டு, வெள்ளைப் புல்லில் வழுக்கி வழுக்கி, "ஹோய்... ஹோய்... எட்டிப் போ... அவ செடிடா அது... போடா..." என்று சொல்லிக்கொண்டே போனார். கத்தவில்லை, கத்த மூச்சு ஏது, வீட்டு மாட்டிடம் பேசுவதுபோலப் பேசிக்கொண்டு போனார். அது தலையைத் தூக்கியது. வாயில் பாதிக் கிளை. குடையை இரண்டு தடவை ஆட்டினார், மூன்றாவது தடவைக்கு இருமல் வந்துவிட்டது, அடியிலிருந்து வருகிற அந்த இருமல். குடையை ஊன்றிக்கொண்டு குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. அது ஒரு எட்டு முன்னால் வைத்தது. மேலே பெள்ளி, "அண்ணா! அண்ணா!" என்று அலறினான். சுகிர்தம் எப்படி வெளியே வந்தாள் என்பது அவளுக்குப் பிறகும் நினைவுக்கு வரவில்லை. பின்கதவா, முன்கதவா, எதுவோ. தாம்பாளத்தை அடித்த அடியில் கரண்டி வளைந்துவிட்டது, கூச்சல் போட்டாள், சாத்தான்குளத்துச் சந்தையில்கூட யாரும் சொல்லக் கூசுகிற வார்த்தைகளைச் சொல்லிக் கூச்சல் போட்டாள், அதைச் சொன்னாளா அவரைச் சொன்னாளா தெரியவில்லை, அவருக்கும் அதற்கும் நடுவில் போய் நின்றபோது அதன் மூச்சு அவள் முகத்தில் பட்டது, சூடாக, வெட்டின புல்லும் சாணமுமான வாசனை. நெற்றிக்கு நடுவே சாம்பல்நிற முடிக்கற்றையில் ஒரு ஜிமிக்கிப் பூ ஒட்டியிருந்ததைப் பார்த்தாள். அது அவளைப் பார்த்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கொஞ்சநேரம் சகித்துக்கொண்டு நின்றார்கள். அப்புறம் அது புஸ்ஸென்று மூச்சு விட்டுத் திரும்பி, ஐந்தாவது செடியை மிதித்து, வேலியை அலட்சியமாகச் சாய்த்துக்கொண்டு தேயிலைக்குள் இறங்கிப்போய்விட்டது.

அவரை இடுப்போடு சேர்த்துப் பிடித்து உள்ளே கொண்டுவந்து கட்டிலில் சாய்த்து, மருந்துக் குழலை வாயில் வைத்து இரண்டு தடவை அழுத்தி, முதுகைத் தடவி, தடவி. உதடு நீலமாக இருந்தது. நகமும். வெந்நீர் வைக்க எழுந்தால் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக வழிக்கு வந்தது, வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "வேர் இருக்குல்ல. தழைச்சிரும்." சுகிர்தத்துக்கு அவரை அறையவேண்டும் போல இருந்தது. தழைக்கும், அவளுக்குத் தெரியாதா? மண்ணுக்குள் ஆழமாகப் புதைத்து வைத்தவள் அவள்தானே. மேலே எல்லாம் தின்றாலும், மிதித்தாலும், கருகினாலும், வெயில் ஏறினதும் செக்கச்செவேலென்று வந்து நிற்கும், சனியன், அதற்காகவே தேடித்தேடி வாங்கின ஜாதி. இது சாகாது. அதுவரை இவர் இருந்து அதைக் காட்டிக் காட்டி இங்கேயே இருப்பார், இருமுவார், ஒருநாள் அந்தச் சிக்கின இருமல் மேலே வராது. காட்டெருமையால்கூட முடியவில்லை. இனி யாரும் வந்து செய்துதரப் போவதில்லை. அவர் கையிலிருந்து தன் கையை உருவிக்கொண்டு அவருக்கு நேரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எனக்குக் குளிருது," என்றாள்.

"ஸ்வெட்டர எடுத்துப் போடு."

"அதில்ல. இந்த ஊரு குளிருது. என்னால முடியலங்க. காலு ரெண்டும் ராத்திரியெல்லாம் வெறச்சுப்போவுது. உங்களுக்காவ சொல்லல. டாக்டர் சொன்னதுக்காவயும் சொல்லல. எனக்கு முடியல. கீழ போயிருவோம்."

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். செடி என்பார். செடி நாசமாப் போகட்டும் என்று சொல்லத் தயாராக இருந்தாள். சிரிப்பார். சிரித்தால் எழுந்து துணிகளை எடுத்துப் பெட்டியில் வைக்கத் தொடங்கிவிடவேண்டும். நீ விடுவியா என்பார். அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தாள். அவர் அவளுடைய காலைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வந்த வருஷமே சொன்னே நீ," என்றார். "மொத ஜனவரி. நடுராத்திரில எழுந்து உக்காந்து, குளிருது, ஊருக்குப் போயிரலாம்னு அழுதே. நான் தூங்குற மாதிரி திரும்பிப் படுத்துக்கிட்டேன். முழிச்சுத்தான் இருந்தேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "அதுக்கப்புறம் நீ சொல்லவே இல்ல. பழகிருச்சு போலன்னு நெனச்சேன். செடியெல்லாம் வச்சியா, சரி, மனசு ஒட்டிருச்சுன்னு நெனச்சேன். இத்தன வருஷமும் குளிர்லதான் இருந்தியா?"

அந்த அழுகையை அவள் மறந்தே போயிருந்தாள். அழுதது யாரோ ஒரு பெண், இருபத்துநாலு வயது, காலுக்கு இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டுக்கொண்டு நடுங்கினவள், அவளை இந்த மலை எப்போதோ தின்று முடித்துவிட்டது. இப்போது இருப்பவள் விடியற்காலையில் செருப்புகூட இல்லாமல் உறைபனியில் இறங்கிப் போய்ப் பூவைத் தொட்டுப் பார்க்கிறவள், சித்திரையில் கோயம்புத்தூருக்கு ஒரு வாரம் போனால் மூச்சு முட்டி, எப்போது மேட்டுப்பாளையம் தாண்டும், எப்போது காற்று மாறும் என்று பஸ் ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு வருகிறவள். குளிர் இல்லாமல் எப்படி இருக்கப்போகிறாள் என்பதுதான் அவள் பயம். இல்லை என்று சொல்லிவிடலாம். சொன்னால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து.

"ஆமா," என்றாள்.

"மன்னிச்சிரு சுகி."

கல்யாணம் ஆனதிலிருந்து அவர் வாயில் அந்த வார்த்தை வந்ததில்லை. எத்தனை விஷயத்துக்கு எதிர்பார்த்திருக்கிறாள், எத்தனை தடவை சமையலறையில் பாத்திரத்தை ஓங்கி வைத்துவிட்டு, இப்போது வந்து சொல்வார், இப்போது வந்து சொல்வார் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். அதற்கெல்லாம் வராதது, இவள் சொன்ன ஒரு பொய்க்கு வந்து நிற்கிறது. திருப்பிக் கொடுக்கவும் முடியாது. "பரவால்ல," என்றாள். குரல் கோபமாகத்தான் வந்தது.

"பெர்சிஸுக்குப் போன் போடு," என்றார் நவமணி. "இந்த ஞாயித்துக்கிழமையே வண்டி எடுத்துட்டு வரச் சொல்லு. எதுக்கு இன்னும் தள்ளிப்போடணும்." முகம் லேசாகிவிட்டிருந்தது, ரொம்ப நாளாகத் தூக்கி வைத்திருந்ததைக் கீழே வைத்தவர்போல. இவ்வளவு சீக்கிரமா? அப்படியானால் இவர் காத்துக்கொண்டிருந்தாரா? இவள் வாயிலிருந்து வரட்டும் என்று? கேட்கவேண்டும் என்று வாய்வரைக்கும் வந்தது. அவர் மெல்ல எழுந்து உட்கார்ந்து, தன் மேலிருந்த கம்பளியை உருவி, அவள் தோளில் போட்டு, முன்னால் இழுத்துக் கழுத்துவரைக்கும் மூடிவிட்டார். ஓரத்தைச் செருகினார். "நல்லா மூடிக்க," என்றார்.

அவள் போன் போட்டாள், பெர்சிஸ் எடுத்து, "என்னம்மா இந்த நேரத்துல? அப்பா நல்லாத்தானே இருக்காங்க?" என்றாள். ஓடினதில், கத்தினதில், அவரைத் தூக்கிக்கொண்டு வந்ததில் சுகிர்தத்துக்கு உடம்பெல்லாம் வியர்த்து, ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது. கம்பளியை விலக்காமல், அவர் பார்த்துக்கொண்டிருக்க, மகளிடம் பேச ஆரம்பித்தாள்.